பன்னிய நாம வளக்கோம், மயில ஆரு வளக்கா? : 'இருதயப் புத்தகம்' குறித்து ஒரு வாசிப்பு

எங்க ஊர்க் கோயிலில் அந்தப் படங்களை முதன்முதலாக மாட்டியபோது நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கோயில் என்றால் தெற்கத்திச் சீமையின் சீர்திருத்தச் சபைக் கோயில். எங்கள் பக்கம் பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்து எங்கள் வாயில் உட்கார்ந்தது என்பதே தனியாக எழுத வேண்டிய கதை. அன்றைக்கு ஐயர் வரவில்லை. உபதேசியாரும், வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியாரும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் (கரண்டு போயிருந்தது) படங்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள். பெரிய சிவப்பு இருதயம். அதன் மேலே மீசை வைத்த ஒரு முகம். இருதயத்துக்குள் மயில், ஆட்டுக்கடா, பன்றி, ஆமை, புலி, பாம்பு, தேரை. நடுவில் சாத்தான் ராஜா மாதிரி நிற்கிறான். பிரசங்கியார் கையில் மூங்கில் குச்சி.

குச்சி மயிலின் மேல் ஒரு நொடிதான் நின்றது. 'இது பெருமை' என்றார். பிறகு பன்றிக்கு வந்தது. அங்கே அரைமணி நேரம் நின்றது. பன்றி என்றால் பெருந்தீனி, பன்றி என்றால் குடி. குடிக்கிறவன் இருதயத்தில் பன்றி புரள்கிறது என்று சொல்லிச் சொல்லிக் குச்சியால் தட்டினார். அப்புறம் ஆமை: சோம்பல். உழைக்காமல் திரிகிறவர்களே, உங்களுக்குத்தான். முன்வரிசையில் எங்க ஆம்பளைகள் தரையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிகாலை மூணு மணிக்கே எழுந்து அறுப்புக்குப் போய் வந்த ஆட்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது பாட்டி கேட்டாள்: "ஏட்டி, பன்னிய நாம வளக்கோம். மயில ஆரு வளக்கா?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படித்து, நாலு இயக்கத்தில் வேலை பார்த்து, பாமாவின் 'கருக்கு'வை மூன்று முறை வாசித்த பிறகு, பாட்டியின் அந்த ஒரு வரி ஒரு விமர்சனக் கட்டுரையின் தொடக்க வாக்கியம் என்று படுகிறது. அதை எழுதாமல் விட்டது என் சோம்பல்தான். அந்த ஆமையை நான் ஒப்புக்கொள்கிறேன்.

*

முதலில் புத்தகத்தைப் பார்ப்போம். தமிழில் இதைப் பற்றி இலக்கியம் படித்தவர்கள் யாரும் பேசுவதில்லை. 'பிரசங்கத் துண்டு' தானே என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கான ஏழை ஜனங்கள் 'வாசித்த' பிரதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

1812ல் ஜெர்மனியில் யோஹன்னஸ் கோஸ்னர் என்பவர் இதை வெளியிட்டார். மனுஷ இருதயம் தேவனுடைய ஆலயம், இல்லாவிட்டால் சாத்தானுடைய பட்டறை என்பது பொருள். மொத்தம் பத்துப் படங்கள். பாவியின் இருதயம், மிருகங்கள் வெளியேறும் இருதயம், சிலுவை குடியேறிய இருதயம், திரும்ப மிருகங்கள் புகுந்த இருதயம், கெட்டவன் சாவு, நல்லவன் சாவு என்று கதை போகும். படங்கள் கோஸ்னருடைய சொந்தக் கற்பனை அல்ல. அவருக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் மிஷேல் லெ நோப்ளெட்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு, பலகையிலும் ஆட்டுத்தோலிலும் படம் எழுதவைத்து மீனவ ஜனங்களுக்கு மறை கற்பித்தார். அந்த மரபின் பின்னால் வந்ததுதான் இருதயத்துக்குள் மிருகங்களை அடைத்த படம்.

லெ நோப்ளெட்ஸ் பற்றி ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. படங்களை விளக்கிச் சொல்லும் வேலையை அவர் பெண்களிடம் கொடுத்தார். குருப்பட்டம் இல்லாத சாதாரணப் பெண்கள். அவர்கள் கையில் குச்சி. மற்ற குருக்களுக்கு இது பொறுக்கவில்லை. பொம்பளை எப்படிப் போதிக்கலாம் என்று கிளம்பினார்கள். அவர் அந்தப் பெண்களுக்காக வாதாட வேண்டி வந்தது. ஆக இந்தப் படங்களின் தொடக்கத்திலேயே ஒரு சண்டை இருந்திருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறது என்பதல்ல சண்டை. குச்சி யார் கையில் என்பதுதான்.

கோஸ்னரும் சும்மா ஆள் இல்லை. கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். சடங்கைவிட உள்ளத்து விசுவாசமே பெரிது என்று பிரசங்கித்ததற்காகத் திருச்சபை விசாரணைக்கு ஆளாகி, 1802ல் குருக்களுக்கான சிறையில் அடைக்கப்பட்டவர். ரஷ்யாவில் பிரசங்கம் செய்து 1824ல் அங்கிருந்தும் துரத்தப்பட்டார். 1826ல் சீர்திருத்தச் சபைக்கு மாறினார். அவருக்கு 'இருதயம்' என்பது மேலதிகாரத்தின் கை எட்டாத இடம். ஆயர் தலையிட முடியாத, ராஜா தலையிட முடியாத ஒரு மூலை. அங்கே நானும் கடவுளும் மட்டும். எதிர்ப்பின் சொல்லாக அது பிறந்தது. இதை மறைத்துவிட்டு நான் மேலே எழுதினால் அது அயோக்கியத்தனம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி தலையைத் தொங்கப்போட்டிருந்த ஆம்பளைகளில் எங்க தாத்தாவும் ஒருவர். அதற்கப்புறம் அவர் குடிக்கவில்லை. சாகும்வரை குடிக்கவில்லை. அந்தப் பன்றிப் படம் மிச்சப்படுத்திக் கொடுத்த காசு கொஞ்சம் நான் படித்த படிப்பிலும் இருக்கிறது. ஆகவே இந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிகிற உரிமை எனக்குச் சுலபமாக இல்லை, தோழர்களே.

*

அப்படியானால் என்ன பிரச்சினை?

படத்தை மறுபடி பாருங்கள். இருதயம் ஒன்று. அதன் மேல் முகம் ஒன்று. பக்கத்தில் தேவதூதன், புறா, பிசாசு எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் இல்லை. பத்துப் படத்திலும் தேடிப் பாருங்கள், பாவத்தால் அடிபட்டவன் ஒருத்தன்கூட இல்லை. புலி இருக்கிறது, புலி கடித்த ஆள் இல்லை. தேரை பேராசையாக உட்கார்ந்திருக்கிறது, அது யாருடைய நிலத்தை விழுங்கியது என்ற கேள்வி இல்லை. பாவம் என்பது எனக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு. நடுவில் இன்னொரு மனுஷனுக்கு வேலையே கிடையாது.

இந்தக் கட்டமைப்புக்குள் சாதியை எங்கே வைப்பது? எந்த மிருகம் சாதி? 'பெருமை'யில் அடங்கும் என்று சபைக்காரர்கள் சொல்வார்கள். சரி, அடங்கட்டும். அப்படியானால் மயிலின் மேல் குச்சி ஏன் ஒரு நொடிதான் நிற்கிறது? மேலத்தெருவுக் கோயிலிலும் இதே படம் மாட்டினார்களாம். அங்கேயும் பன்றிதான் அரைமணி நேரம் என்று கேள்விப்பட்டேன். அழகான பறவை மயில். தோகை விரித்தால் கோயிலுக்கே ஒரு சோபை. அதை எதற்கு அடிப்பது?

அதோடு பெருமை என்பது ஒரு 'உணர்வு'. ஐயர் வந்து "உங்களுக்குப் பெருமை உண்டா?" என்று கேட்டால், "ஐயோ, நான் தாழ்மையுள்ளவன்" என்று மேலத்தெருக்காரர் கண்ணீரோடு சொல்வார். பொய்யும் இல்லை. ஆண்டவருக்கு முன்னால் அவர் தாழ்மையாகத்தான் இருக்கிறார். எங்களுக்கு முன்னால்தான் நிமிர்ந்து நிற்கிறார். இருதயத்தை மட்டும் சோதிக்கிற அதிகாரத்தால் இந்த ஆளைப் பிடிக்கவே முடியாது. கல்லறைச் சுவரைச் சோதித்தால் பிடிக்கலாம். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரைப் பெரியார் திராவிடர் கழகத்தார் 2010ல் இடிக்கப் போனார்கள். கடவுள் இல்லை என்கிறவர்கள் வந்து இடிக்க வேண்டியிருந்தது. சுவருக்கு இருதயம் இல்லை, ஆகையால் அதற்கு மனந்திரும்புதலும் இல்லை என்று விட்டுவிட்டார்கள் போலும்.

*

இது ஏதோ எங்க ஊர்ப் பிரசங்கியாரின் தனிப்பட்ட கோளாறு என்று நினைக்க வேண்டாம். இந்த விவாதம் தமிழ்க் கிறிஸ்தவத்தில் பழசு.

1833ல் கல்கத்தாவின் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும், உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டே வெளியேறினார்கள். அதற்கு நாலு வருஷம் முன்பே வேதநாயகம் சாஸ்திரியார் மிஷனரிகளோடு மோதி, சாதி ஆசாரத்துக்கு ஆதரவாக எழுதியிருந்தார். அவருடைய 'பெத்தலகேம் குறவஞ்சி'யை எங்களுக்கு எம்.ஏ.வில் பாடமாக நடத்தினார்கள். சிற்றிலக்கிய மரபில் கிறிஸ்தவத்தின் கொடை என்று குறிப்பும் எடுத்தோம். அந்த இன்னொரு எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1850ல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு முடிவெடுத்தது. இருதயத்தில் சாதி இல்லை என்று ஒருவன் வாயால் சொல்வது போதாது, எந்தச் சாதிக் கிறிஸ்தவன் சமைத்ததையும் அவன் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் அடையாளம் என்றது அந்த முடிவு. வெள்ளைக்காரர்கள் அதை எவ்வளவு மேட்டிமையோடு செய்தார்கள் என்பது வேறு சங்கதி. ஆனால் அந்த முடிவுக்குள் ஒரு கூர்மை இருக்கிறது. உள்ளத்தின் நிலையைச் சோற்றுப் பானையில் வைத்துச் சோதிக்கிற கூர்மை.

அதில் சேராமல் நின்றது லைப்சிக் லுத்தரன் மிஷன். அதன் தலைவர் கார்ல் கிரவுல். சாதி ஒரு சமூக வழக்கம், அதைக் கட்டளை போட்டு ஒழிக்கக் கூடாது, சுவிசேஷம் இருதயத்துக்குள் வேலை செய்து மெதுவாக அதைக் கரைக்கும் என்பது அவருடைய கட்சி. வில்சனோடு கோபித்துக்கொண்டு வெளியேறிய மேல்சாதியார் பலர் லுத்தரன் சபையில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். இருதயம் அவர்களுக்கு எவ்வளவு வசதியான வீடு பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது, வாடகையும் கிடையாது. இதே கிரவுல்தான் 1856ல் திருக்குறளை ஜெர்மனியில் மொழிபெயர்த்தவர். தமிழ்த் துறைகளில் அவருக்குப் பெரிய மரியாதை. குறளின் முதல் பாலை ஜெர்மனிக்குக் கொண்டுபோனவருக்குச் சேரிக்காரன் பந்தியில் உட்கார்வது அவசரமான அறமாகப் படவில்லை.

'இருதயம் மாறினால் எல்லாம் மாறும்' என்ற வாக்கியம் சாதியை எதிர்க்கிறவன் வாயிலும் வருகிறது, காப்பாற்றுகிறவன் வாயிலும் வருகிறது. வாக்கியம் ஒன்றுதான். யார், யாரிடம், எதைத் தள்ளிப்போடச் சொல்லுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். தென்னாப்பிரிக்காவில் 1857ல் டச்சு சீர்திருத்தச் சபையின் மாமன்றம், சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஒத்தது என்று ஒத்துக்கொண்டது. ஆனால் சிலருடைய பலவீனத்தை உத்தேசித்துக் கறுப்பர்களுக்குத் தனி ஆராதனை இருக்கட்டும் என்றும் சொன்னது. வெள்ளைக்காரன் இருதயத்துப் 'பலவீனம்' கறுப்பனுக்குத் தனிக் கோயிலாக எழும்பியது. இருதயப் புத்தகத்தை ஆப்பிரிக்காவுக்கென்று மாற்றி வரைந்து உலகமெல்லாம் அனுப்பிய அச்சகம் இருந்ததும் பிரிட்டோரியாவில்தான். 1982ல்தான் உலகச் சீர்திருத்தச் சபைகள் கூடி நிறவெறியை வேதப்புரட்டு என்றே அறிவித்தன. அது தனிமனிதன் உள்ளத்துக் குறை என்று விடாமல், கொள்கையாகவே பாவம் என்றார்கள். சாதியைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்ல நம்மூர் மேய்ப்பர்களுக்கு நாக்கு இன்னும் தயங்குகிறது.

அரசாங்கமும் லேசுப்பட்டது அல்ல. 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதி இல்லை. நாங்கள் இருதயத்தில் மதம் மாறியதும் சர்ட்டிபிகேட்டில் சாதி மாறிவிடுகிறது. தெரு மட்டும் மாறாது. கோஸ்னர் படத்தை நம்புகிற ஒரே அரசாங்கம் இதுதான் என்று நான் கூட்டங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

*

கோஸ்னரின் பெயரால் வந்த மிஷன் 1845ல் ராஞ்சிக்குப் போனது. உராவ், முண்டா ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஆத்துமாவோடு நிலமும் போய்க்கொண்டிருந்தது. ஜமீன்தார் நிலத்தைப் பறிக்கிறான், மிஷன் வந்தால் நியாயம் கிடைக்கும் என்றும் நம்பினார்கள். ஓரளவு கிடைத்தது. ஆனால் நிலத்துக்காக மனுப் போட்டு அலைந்த முண்டா சர்தார்களை மிஷனரிகள் கைவிட்டு இகழ்ந்தபோது, ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் எதிர்த்து நின்று வெளியேறினான். பிர்சா முண்டா. 1900ல் ராஞ்சிச் சிறையில் சாகும்போது அவனுக்கு 24 வயது. இருதயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிலத்தைப் பற்றிப் பேச மறுத்தபோது அவன் தனக்கே ஆவிக்குரிய அதிகாரம் உண்டு என்று அறிவித்துக்கொண்டான். ஜனங்கள் அவனை மண்ணின் தகப்பன் என்றார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மானியர்களை ஆங்கில அரசு அப்புறப்படுத்திய பிறகு, 1919ல் அதே சபையின் ஆதிவாசிகள் தங்கள் சபையைத் தாங்களே நடத்திக்கொள்வதாக அறிவித்தார்கள். குச்சி கைமாறியது. அதற்கு ஒரு உலகப்போர் வேண்டியிருந்தது.

*

இந்த இடத்தில் 'கருக்கு'.

1992ல் அது வெளிவந்தபோது சபைக்காரர்கள் கோபப்பட்டார்கள். இலக்கியக்காரர்கள் 'இது நாவலா, சுயசரிதையா, வட்டார வழக்கு தாங்கவில்லையே' என்றார்கள். கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண் எழுதியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சாதி எதிர்ப்பு எழுத்தாக, பெண்ணெழுத்தாக வாசித்திருக்கிறோம். 'இருதயப் புத்தகமாக' வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டும் என்கிறேன்.

முன்னுரையிலேயே பாமா அந்தத் தலைப்புக்கு எபிரெயர் நிருபத்தின் இருபுறக் கருக்குள்ள பட்டயத்தைத் துணைக்கு அழைக்கிறார். அந்த வசனத்தில் பட்டயம் என்பது வேதவசனம். அது உள்ளே ஊடுருவி இருதயத்தின் யோசனைகளை வகையறுக்கிறது. இத்தனை நாளாய் அந்தப் பட்டயம் பிரசங்கபீடத்தில் இருந்தது. அறுபடுவது எங்கள் நெஞ்சு. பாமா செய்தது இதுதான்: அந்தப் பட்டயத்தைப் பனங்கருக்காக்கினார். பனங்கருக்கு யார் கையில் இருக்கும்? விறகு பொறுக்குகிற சேரிப்பிள்ளை கையில். அறுத்தால் பொறுக்குகிறவள் கையையும் அறுக்கும், எதிரே நிற்கிறவனையும் அறுக்கும். எங்கள் இருதயத்தை மற்றவன் சோதித்தது போதும், ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டுப் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிற மடத்தின் இருதயத்தை நான் சோதிக்கிறேன் என்கிறது அந்தப் பிரதி.

முக்கியமானது, அவர் ஆண்டவரை விட்டுக்கொடுக்கவில்லை. மடத்தைத்தான் விட்டார். பயந்து கும்பிடச் சொல்லிக்கொடுத்த கடவுளுக்குப் பக்கத்தில், நீதிக்காகக் கோபப்படுகிற இயேசுவை அவர் கண்டெடுத்து வைக்கிறார். நம் தோழர்களில் சிலருக்கு இது நெருடல். 'மதத்தைவிட்டு முழுசாக வெளியே வரவில்லையே' என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எங்கள் சேரிகளில் அந்த இயேசுவை ஐயர் கொடுத்து நாங்கள் வாங்கவில்லை. அவர் வருமுன்னே பாட்டிகள் அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்குக் 'கருக்கு'வில் குறையும் உண்டு. மடத்தைவிட்டு வந்த பிறகு உள்ள தனிமையை எழுதுகிற இடங்களில் அது மறுபடியும் ஒற்றை இருதயத்துக்குள் திரும்பிவிடுகிறதோ என்று ஒரு சந்தேகம். ஊர்க்கதை சொல்லும் பக்கங்களில் இருக்கிற கூட்டம், சிரிப்பு, வசவு எல்லாம் அங்கே மெலிந்துபோகிறது. ஒருவேளை மடம் அவரிடமிருந்து பறித்துக்கொண்டது அதைத்தானோ என்னவோ.

*

வேதமும் உள்ளிருந்துதான் தீமை புறப்படுகிறது என்கிறது, நீ என்ன வெளியே தேடுகிறாய் என்று ஒரு இறையியல் மாணவர் என்னிடம் கேட்டார். மாற்கு ஏழாம் அதிகாரம் என்றார். சரி, அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள் என்றேன். பேச்சு எதில் தொடங்குகிறது? கை கழுவாமல் சாப்பிடுகிறவர்களைத் தீட்டு என்று சொன்ன அதிகாரிகளிடம். தீட்டுப் பார்க்கிறவனைப் பார்த்துத்தான் இயேசு, அசுத்தம் உன் இருதயத்தில் இருக்கிறது என்று திருப்பிவிடுகிறார். அது தீட்டுக்கு எதிரான வாக்கு. அதைத் தீட்டுப்பட்டவன் பக்கம் திருப்பி, 'உன் இருதயத்தைச் சுத்தம் பண்ணு' என்று குச்சியால் தட்டுகிறார்களே, இதைவிடப் பெரிய தலைகீழ் வாசிப்பு உண்டா? அந்த மாணவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நல்ல பையன். மயில் வளர்க்கிற தெருதான், ஆனாலும் நல்ல பையன்.

2008ல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில், கோயிலில் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்கசாதிக் கத்தோலிக்கர் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிடுகிற ஜனம். செத்தவர்களுக்காகவும் நான் துக்கப்படுகிறேன். அந்த இரண்டு பேர் இருதயத்திலும் மயிலை வளர்த்துவிட்டு, கடைசிவரை அதன்மேல் குச்சி வைக்காதவர்கள் யாரோ, அவர்களுக்கு அந்தச் சாவில் பங்கு உண்டு.

பாட்டியைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவளுக்குப் படிப்பு இல்லை. சபையில் பதவி இல்லை. ஆனால் பாட்டி கை வைத்து ஜெபித்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்கும் என்று ஒரு பேர் இருந்தது. மேலத்தெரு அம்மாக்களும் வருவார்கள். ராத்திரியில்தான் வருவார்கள். வாசலில் நின்று பிள்ளையை நீட்டுவார்கள், பாட்டி வெளியே போய் ஜெபிப்பாள். ஒரு நாள் ராத்திரி, மழை நேரம், ஒரு அம்மா வந்து நின்றாள். பாட்டி வெளியே போகவில்லை. "உள்ள வாங்கம்மா" என்றாள். அந்த அம்மா நனைந்தபடி யோசித்து, உள்ளே வந்தாள். பாட்டி அடுப்பில் இருந்த கடுங்காப்பியை ஊற்றி நீட்டினாள்.

"மொதல்ல இதக் குடிங்க. பொறவு ஜெபிப்போம்."

1850 மாநாட்டைப் பற்றிப் பாட்டிக்கு எதுவும் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை அனலாய்க் கொதிக்கிறது, இந்தக் கிழவி என்ன செய்கிறாள் என்று. அந்த அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தாள். பாட்டி ஜெபித்தாள். காய்ச்சல் அப்போது இறங்கியதா, மறுநாள் ஆஸ்பத்திரி ஊசியில் இறங்கியதா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராப்போஜன ஆராதனை. அவர்கள் ஊர்க் கோயிலுக்குத்தான் எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா முன்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பின்பக்கம், பாயில். பாத்திரம் முதலில் அங்கே போய், கடைசியில் எங்களிடம் வந்தது.